சீவத்தனேஹோவுக்கு வரும் பார்வதிக்கு

1

பழவங்காடியில் இருக்கும் என் மாமன் மகள் பார்வதி போன வாரம் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். பின்னணியில் பஸ் ஹாரனும், யாரோ கணபதிக்குத் தேங்காய் உடைக்கும் சத்தமும் கேட்டன.

"கோமதியக்கா, டிக்கெட் எடுத்தாச்சு. டிசம்பர்ல குடும்பத்தோட வாறோம். அங்க குளிருமா? அரிசி கிட்டுமா? மாமியார் கேக்காங்க, கடல்ல எறங்கலாமான்னு. எல்லாத்தையும் ஒண்ணு எழுதி அனுப்புங்கக்கா."

நான் இருப்பது மெக்சிகோவின் பசிபிக் கரையில், சீவத்தனேஹோ என்கிற ஊரில். கோவளத்து ஹோட்டல் ஒன்றில் வேலை பழகி, பிறகு சொகுசுக் கப்பலில் அறைப் பொறுப்பாளராகப் போனேன். அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் ராமீரோ. அவருடைய ஊர் இது. இருவரும் கப்பலை விட்டிறங்கிக் கல்யாணம் செய்துகொண்டு, கடலைப் பார்த்த மேட்டில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம்.

வருகிற விருந்தாளிகளுக்கு யோசனை சொல்வது என் தினசரி வேலை. கனடாக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்வேன். ஜெர்மானியர்களுக்குத் தேள் பற்றி. காலையில் செருப்பை உதறிப் போடச் சொல்வேன். நம் ஊர்க்காரர்களுக்கு வெயிலும் புதிதல்ல, தேளும் புதிதல்ல. அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது, சென்ற டிசம்பரில் என் அண்ணனும் மைனியும் வந்து தங்கிப் போகும் வரைக்கும் எனக்கே தெரியாது. அதனால் பார்வதி, உனக்கு அவர்கள் வந்து போன கதையைச் சொல்கிறேன். யோசனைகள் அதற்குள்ளேயே வரும்.

2

முதலில் ஊர்ப் பெயர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஸிஹுவாடனெஜோ என்று டாக்சிக்காரரிடம் சொல்லாதீர்கள், பாவம், முழிப்பார். சீவத்தனேஹோ. ஊர்க்காரர்கள் சுருக்கமாகச் சீவா என்பார்கள். ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் என் அண்ணன் ஆறுமுகம், தங்கை சிவன் பெயரில் உள்ள ஊரில் இருக்கிறாள் என்றுதான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மண்ணின் பழைய மொழியில் 'பெண்களின் இடம்' என்று அர்த்தமாம் என்று ஒரு முறை போனில் சொன்னேன். "அப்பம் அது பகவதி ஊரு" என்று திருத்திக்கொண்டார்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. என்னைக் கேட்காமல் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் இப்போதே கவனியுங்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். நமக்கோ ஒரு இனிஷியல். குடியிருப்பு அட்டைக்காக நான் முதன்முறை ஆபீஸுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் அம்மாவின் பெயர் எங்கே போயிற்று?" என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் அது எங்கும் எழுதப்படுவதில்லை என்றேன். "இங்கே எழுதுவோம்" என்று சொல்லி, என் அம்மாவின் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். அது சட்டப்படி சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்த அட்டையில் செண்பகம் என்று என் அம்மாவின் பெயர் இருக்கிறது. நம் ஊரில் அம்மாவின் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் இருந்ததில்லை.

அண்ணன் மைனிக்கு ஆபீஸ் சங்கடம் மெக்சிகோ சிட்டியில் வந்தது. அங்கேதான் விமானம் மாற வேண்டும். செல்லம் மைனி பெட்டி நிறையக் கறிவேப்பிலையும் பிச்சிப்பூவும் கொண்டுவந்திருந்தாள். ஒரு நாய் வந்து பெட்டியின் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்ததாம். மைனி அதைத் தடவிக் கொடுக்கப் போயிருக்கிறாள். அந்த நாய் உட்கார்ந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம்.

யூனிஃபாரத்தைக் கண்டால் மைனிக்கு மலையாளம்தான் வரும். வீட்டில் தமிழானாலும், மலையாள மண்ணில் உள்ள நம் ஊரில் ஆபீஸ் மொழி அதுதானே. "மேடம், இது கறிவேப்பில மாத்ரமாணு" என்று பெட்டியைத் திறந்த பெண் அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறாள். அவரோ ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மைனியின் தோளைத் தொட்டு 'நல்வரவு' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எறிஞ்சாலும் மரியாதையா எறிஞ்சாளே, கேட்டியா" என்றாள் மைனி.

ஆகவே, பச்சை இலை, பூ, பழம், விதை எதுவும் வேண்டாம். முத்திரை பிரிக்காத பொடிப் பாக்கெட்டுகள் பெரும்பாலும் வந்து சேரும். எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மரமாக நிற்கிறது. அதை நான் மைனியிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

3

ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுவாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே குளியலறைகளில் தாள்தான். அந்தத் தாளையும் உள்ளே போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகல். எங்கள் வீட்டில் நான் மக் வைத்திருக்கிறேன், ஆனால் நீங்கள் நான்கு இடம் சுற்றுவீர்கள் அல்லவா. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பெரிய கேன் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எலெக்ட்ரீஷியன் 'அஓரீத்தா' என்று சொன்னால் இப்போது என்று அகராதி சொல்லும். நம் ஊர் எலெக்ட்ரீஷியன் மலையாளத்தில் 'தா, இப்போ வராம்' என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து வருகிற அதே இப்போதுதான். உங்களுக்குப் பழக்கம் இருக்கும்.

வணக்கம் சொல்லாமல் யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் காலையானால் 'புவேனோஸ் தீயாஸ்', மதியத்துக்குப் பிறகு 'புவேனாஸ் தார்தேஸ்'. வழி கேட்பதானாலும், தீப்பெட்டி கேட்பதானாலும் அதற்குப் பிறகுதான். உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போனால், முன்பின் தெரியாதவர்களானாலும், 'ப்ரொவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தம். இந்த ஊரில் நான் மிகவும் விரும்புவது இந்த ஒரு வார்த்தையைத்தான். அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரோட்டில் சோளம் தின்றுகொண்டு போகிறவனுக்குக்கூட நின்று ப்ரொவேச்சோ சொன்னார்.

மொழியைப் பற்றிப் பயம் வேண்டாம். முதல் நாள் காலையில் ராமீரோ காப்பியை வைத்து, 'மேசா' என்று மேசையைக் காட்டினார். மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேசைன்னா மேசைதானா? பின்ன இத்தன வருசமா நீ என்னத்தப் படிச்சே?"

எங்கள் மகளின் பெயர் விஷயத்தில் மட்டும் நான் சறுக்கிவிட்டேன். மீரா என்று ஆசையாகப் பெயர் வைத்தேன். ஸ்பானிய மொழியில் 'மிரா' என்றால் 'பார்' என்று அர்த்தம். காய்கறிக்காரி மிரா என்பாள், ஐஸ்காரர் மிரா என்பார், பஸ்ஸில் குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி மிரா மிரா என்று கூவும். முதல் நாள் மாலை படகுத்துறையில் பெலிக்கான் பறவைகள் தண்ணீருக்குள் பாய்வதைப் பார்க்கப் போயிருந்தோம். சுற்றிலும் ஒரே மிரா சத்தம்.

"எம்மா! நம்ம மீராவத் தெரியாத ஆளே இந்த ஊர்ல இல்லியே" என்றார் அண்ணன்.

நான் விளக்கினேன். சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் கேட்கும்போதும் அவர் தலை மீரா இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டேதான் இருந்தது.

4

சந்தைக்குக் காலையில் போங்கள். கடற்கரையிலேயே மீனவர்கள் மீனை இறக்கி விற்கிற இடம் ஒன்று. உள்ளே தள்ளி, மூடிய சந்தை ஒன்று. வியாழக்கிழமை ஊர் முழுக்க 'பொசோலே' என்ற சோளக் கஞ்சி கொதிக்கும், பச்சை நிறத்தில். அதில் இறைச்சி உண்டு. உன் மாமியார் சைவம் என்பதால் சொல்கிறேன்: 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். கோழியை இங்கே இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரைத்த பயறிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கேட்டு வாங்குங்கள். அரிசி, பயறு, மரச்சீனிக் கிழங்கு, வாழைக்காய், தேங்காய், மாங்காய் எல்லாம் உண்டு. பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

அண்ணனைக் காய்ந்த மிளகாய் விற்கும் வரிசைக்குக் கூட்டிப் போனேன். அதுவரை ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதராக இருந்தவர், அங்கே போனதும் நிமிர்ந்து நின்றார். கறுத்தது, சிவந்தது, கைநீளம் உள்ளது, சுருங்கி உருண்டது என்று சாக்குச் சாக்காக நின்றன. ஆரியசாலையில் செய்வதுபோல நேராகப் போய் ஒரு சாக்குக்குள் கையை விட்டார். கடைக்கார அம்மாள் கையைத் தட்டிவிடாத குறைதான்.

"அண்ணே, மொதல்ல வணக்கம் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். உச்சரிப்பு எப்படியோ, தலையைக் குனிந்து சொன்ன விதத்தில் அந்த அம்மாளுக்கு முகம் தெளிந்துவிட்டது. ஒரு மிளகாயை எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் அதைக் காதருகே குலுக்கிக் கேட்டு, ஒடித்து, தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாக்கு நுனியில் வைத்தார். பிறகு பக்கத்துச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்துவிட்டு, இது பழசு என்பதுபோலக் கையை அசைத்தார். அவள் உரக்கச் சிரித்துவிட்டு, கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

நானும் மைனியும் சந்தையைச் சுற்றி முடித்துத் திரும்பி வரும்போதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தமிழில், அவள் ஸ்பானிய மொழியில். இரண்டு பேர் கையிலும் ஒடித்த மிளகாய்.

"என்ன பேசினீங்க அண்ணே?"

"மழ பெய்தா சாக்க எங்க அடுக்குகதுன்னு கேட்டேன். அவளுக்கும் அதே பாடுதான்."

5

அவர்கள் வந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இங்கே பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைவதைக் கல்யாணம்போலக் கொண்டாடுவார்கள். மாதா கோயிலில் பூசை, குடைபோல விரிந்த கவுன், மாலையில் விருந்து, வால்ஸ் நடனம். எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. கோபம் என்று இல்லை. பட்டுச்சேலை அனுப்பினார், மாசா மாசம் பேசினார். "நான் அங்க வந்து யாருகிட்ட என்னத்தப் பேச? கடைய யாரு பாக்க?" என்பார். மீராவின் பதினைந்து என்றதும் நான் கேட்காமலே டிக்கெட் எடுத்தார். தாய்மாமன் இல்லாமல் பெண் பிள்ளைக்கு ஒரு சடங்கா என்பது அவர் நினைப்பு.

மீராவோ தமிழ் பேசுவதில்லை. எல்லாம் புரியும். சின்னதில் என்னோடு நன்றாகப் பேசுவாள். ஒரு நாள் வீடியோவில் அண்ணன் பிள்ளைகளிடம் 'அப்பா வந்தாள்' என்று சொல்லிவிட்டாள். அவர்கள் உருண்டு சிரித்தார்கள். அன்றோடு நிறுத்தினவள்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்பானிய மொழியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் வருடக்கணக்காக ஓடுகிறது. பிள்ளைகள் நம்மை விட்டு நகர்வது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. இப்படித்தான், சாப்பாட்டு மேசையில், ஒவ்வொரு வாக்கியமாக.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் மீராவைக் குறை சொல்லவில்லை.

"நம்ம பிள்ளைக ரெண்டும் வீட்டுக்குள்ள மலையாளம்தான் பேசுகு. பள்ளிக்கூடத்து மொழி அது. என் கடை போர்டையே அதுகளுக்குத் தமிழ்ல வாசிக்கத் தெரியாது. அதுக சிரிச்சதுதான் பெரிய தமாசு."

மைனி, சாலைக் கடைத்தெருவில் பத்துக் கடை ஏறி எடுத்த மஞ்சள் பட்டுச்சேலையை மீராவின் மடியில் வைத்தாள். மீரா அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஸ்பானிய மொழியில், "ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல். ஆனால் என் உடுப்பு முன்பே தைத்தாயிற்று" என்றாள். நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். இரண்டாவது பாதியை மைனி மீராவின் முகத்தில் பார்த்துக்கொண்டாள். "அவளுக்கு இஷ்டமுள்ளதப் போடட்டும்" என்று சொல்லிவிட்டு, சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மடிப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

6

இனிக் கடல். பார்வதி, இதை உன் மாமியாருக்கு உரக்க வாசித்துக் காட்டு.

சீவா ஒரு வளைகுடா. அதற்குள் இருக்கும் கடற்கரைகளில் தண்ணீர் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும், குழந்தைகள்கூடக் குளிப்பார்கள். வளைகுடாவுக்கு வெளியே போனால் அது வேறு கடல். அங்கே ஓலைக் கொட்டகை உணவகங்கள் வரிசையாக இருக்கும். ஊஞ்சல்போலத் துணித்தொட்டில்கள் கட்டியிருப்பார்கள். இளநீர், வறுத்த மீன், காற்று. பார்க்க அத்தனை அழகு. குளிக்க மட்டும் கூடாது. கொடி கட்டியிருந்தால் பாருங்கள்: சிவப்பு என்றால் கால் நனைப்பதோடு சரி.

விழாவுக்கு முந்தின வாரம் அப்படி ஒரு நீளக் கடற்கரைக்குப் போயிருந்தோம். நான் கொடியைக் காட்டி எச்சரித்தேன்.

"வருசா வருசம் ஆடி அமாவாசைக்குச் சங்குமுகம் கடல்ல பெரியவங்களுக்குப் பலியிட்டு முங்குகவன்கிட்டயா கடலப் பத்திச் சொல்லுகே?" என்றார் அண்ணன். மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தொட்டிலில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார்.

அந்த மாதங்களில் திமிங்கிலங்கள் குட்டி போட இந்தக் கரைப்பக்கம் வரும். யாரோ ஒருவர் முதலில் பார்த்துவிட்டார். அடுத்த கணம் கடற்கரையில் இருந்த எல்லோரும் எழுந்து கடலைக் கைகாட்டிக் கத்தினார்கள்: "மிரா! மிரா! மிரா!"

அண்ணன் தொட்டிலிலிருந்து விழுந்து எழுந்தார். கண்ணாடி இல்லை, பாதித் தூக்கம். நூறு பேர் கடலைக் காட்டி மீரா மீரா என்று கத்துகிறார்கள். பக்கத்தில் மீராவைக் காணோம். அவள் மிதவைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரமாகத் தள்ளி நின்று திமிங்கிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்ளே! மீரா!" என்று கூவிக்கொண்டு வேட்டியோடு ஓடினார். அவரும் திமிங்கிலம் பார்க்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் நிற்கவில்லை. முழங்கால், இடுப்பு, பிறகு ஒரு பெரிய அலை அவர்மேல் சுவர்போல விழுந்தது. அது திரும்பும்போது அவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு தலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

மைனி அலறினாள். ராமீரோ ஓடினார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் மீரா பலகையோடு பாய்ந்துவிட்டாள். அவள் பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள் என்பதெல்லாம் அப்போது என் நினைவில் இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது, என் பிள்ளை என் அண்ணனைத் தேடிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் போகிறாள் என்பது மட்டும்தான்.

அலைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. தமிழில்.

"மாமா! பலகைய பிடி! கடலோட சண்ட வேண்டாம்! சும்மா கிட! மாமா, சும்மா கிட!"

அவர் பலகையைப் பிடித்தார். அவள் கரையை நோக்கி நீந்தவில்லை, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கால் அடித்தாள். இழுவை விட்ட இடத்தில் ராமீரோவும் கொட்டகைக்காரர்கள் இருவரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார்கள். இதுதான் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது: கடல் இழுத்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். மிதந்துகொண்டு பக்கவாட்டில் போங்கள்.

அண்ணனை மணலில் படுக்க வைத்தோம். வேட்டியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து, என்னைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது: "மீராவக் கரையேத்தியாச்சா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அவர் எதற்காகக் கடலுக்குள் ஓடினார் என்று. மீரா அவர் முகத்துக்கு நேரே மண்டியிட்டாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் அவர் மேல் சொட்டியது.

"நான் இங்க இருக்கு, மாமா."

"பின்ன எதுக்கு மக்ளே எல்லாரும் ஒன்ன விளிச்சாங்க?"

"என்ன விளிக்கல மாமா. பெரிய மீன் வந்தது. பாரு, பாருன்னு சொன்னாங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவர் அவள் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எனக்கு நீந்தத் தெரியாதுல்லா" என்றார், அப்போதுதான் நினைவு வந்ததுபோல.

கொட்டகைக்கார அம்மாள் சூடாகச் சாமந்திப்பூத் தேநீர் கொண்டுவந்தாள். தன் கணவரின் அரைக்கால் சட்டை ஒன்றையும் கொடுத்தாள், கிளிப் படம் போட்டது. ஆரியசாலை ஆறுமுகம் அண்ணாச்சி அன்று சாயங்காலம் வரை அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கிளம்பும்போது கடற்கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கூட்டமாக வந்து வேடிக்கை பார்க்கவில்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஒரு கிழவர் தம் தொப்பியைக் கழற்றி அண்ணன் தலையில் வைத்துவிட்டுப் போனார். இந்த ஊர் மனிதர்கள் இப்படி. நான் இங்கேயே தங்கிவிட்டதற்குக் கடலைக் காரணம் சொல்வார்கள், கடல் அல்ல.

7

அதன் பிறகு வீட்டில் சத்தம் மாறிவிட்டது. மீரா மாமாவோடு மாடியில் உட்கார்ந்து பேசினாள், 'அத்தை வந்தான், அப்பா போனாள்' என்று தாராளமாகத் தப்பு விட்டபடி. அவர் திருத்தவில்லை. அவர் பேசிய ஸ்பானிய மொழியை மீரா திருத்திய வேகத்தில் அவருக்கு அவளைத் திருத்த நேரமும் இல்லை. விழாவுக்கு முந்தின நாள் அவளே மைனியிடம் போய், "அத்தை, சேலை நாளைக்கு இல்ல. நாளை கழிச்சு. நீங்க கட்டி விடணும்" என்றாள். மைனி உடனே எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள்.

விழாவில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை தட்டைச் செருப்பு போட்டிருக்கும் பெண்ணுக்கு, தகப்பன் எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு, அதைக் கழற்றி, முதல் குதிகால் செருப்பை மாட்டிவிடுவார். ராமீரோ அன்று காலை என்னிடம் கேட்டார், "உங்கள் ஊரில் பெண்ணின் சடங்கை யார் செய்வார்?"

"அம்மாவின் அண்ணன்."

"அப்படியானால் ஆறுமுகம் செய்யட்டும்."

அண்ணனிடம் சொன்னேன். பதறிப் போனார். "செருப்பா? தகப்பன் இருக்கச்சிலே நானா? வேண்டாம்ட்டி. நமக்கு அது வழக்கமில்லே." தாய்மாமன் மாலை போடுவான், சீர் வைப்பான், சபையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். பிள்ளைதான் அவன் காலில் விழ வேண்டும். நான் வற்புறுத்தவில்லை. ராமீரோவிடம் அவருக்குக் கூச்சம் என்று சொன்னேன். ராமீரோ சரி என்றார்.

மாலையில், ஒரு முற்றம் நிறைய விளக்கு, மேசைகள், ராமீரோவின் சொந்தபந்தம் எல்லாம். கடல் நிறக் கவுனில் மீரா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாத்தியம் நின்றது. ராமீரோ செருப்பு வைத்த சின்னத் தலையணையை ஏந்திக்கொண்டு வந்தார். மகளிடம் போகவில்லை. நேராக அண்ணன் முன்னால் வந்து, தலையணையை நீட்டிக்கொண்டு நின்றார். 

அண்ணன் என்னைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார். எழுந்து தலையணையை வாங்கிக்கொண்டார்.

புது வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு மீராவின் முன்னால் மண்டியிட்டார். பழைய செருப்பைக் கழற்றினார். பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் தோளில் கிடந்த நேரியல் துண்டால் துடைத்தார். புதுச் செருப்பின் கொக்கி கடுகளவு. அவருடைய விரல்களுக்கு அது அகப்படவில்லை. மைனி எழுந்து போய், அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். கொக்கி மாட்டிக்கொண்டது. அடுத்த செருப்பிலும் மாட்டியது.

மீரா எழுந்து, நான் சின்னதில் பழக்கியிருந்தபடி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் மக்ளே. இன்னைக்கு நீ குனியப்பிடாது."

முதல் வால்ஸ் தகப்பனோடு. இரண்டாவது ஆரம்பித்ததும் மீரா மாமாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"எனக்கு இதொண்ணும் தெரியாதே" என்றார்.

"நடந்தா மதி, மாமா. நடந்தா போதும்."

அவர் நடந்தார். ஒரு கையில் வேட்டி நுனி, மறு கையில் அவள் கை. வாத்தியம் ஒரு கணக்கில் போக, இவர் ஆரியசாலையில் வசூலுக்குப் போகிற கணக்கில் அந்த முற்றத்தைச் சுற்றி வந்தார். மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைனி என் காதருகே சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் கோபம்.

"என் கல்யாணத்துல கூட இந்த மனுசன் இப்பிடி என் கையப் பிடிச்சு நடக்கல்ல, கேட்டியா."

நான் சிரித்தது மீராவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த சுற்றில் எங்கள் பக்கம் வந்தபோது, மாமாவின் கையை மைனியின் கையில் வைத்துவிட்டு அவள் ஒதுங்கிக்கொண்டாள். "ஐய, விடுங்க" என்றாள் மைனி. ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.